கலைச்சொல் வேண்டும்: சுவருக்குள் போய் ஒளியும் கை ஷவர் ஹோஸ்

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

குழுமத்தார்க்கு வணக்கம்.

குழாய்ப் பணியாளர்களுக்கான பொருத்துதல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வியாழன் மாலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் மட்டும் அமையவில்லை.

பொருள் இதுதான். குளியலறைச் சுவரில் ஷவரின் கைப்பிடி மட்டும் தெரியும். பிடித்து இழுத்தால் சுவருக்குள்ளிருந்து ஹோஸ் நீண்டு வரும். குளித்து முடித்துத் தாங்கியில் வைத்தால் ஹோஸ் தானாக உள்ளே போய்விடும். இதுவரை ‘உள்ளிழுக்கக்கூடிய மறைக்கப்பட்ட கையடக்கக் குளியல் குழாய்’ என்று எழுதிவந்தேன். கையடக்கம் என்றால் கைக்குள் அடங்கும் அளவு என்றுதான் பொருள். கையில் பிடித்துப் பயன்படுத்துவது என்ற பொருளே அதில் இல்லை. படத்தில் அம்புக்குறி அருகே 12 எழுத்துக்குத்தான் இடமும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய தொல்லை இந்த வரி: ‘குழாயை மூடிவிட்டு, சுவர்க் குழாயிலிருந்து குழாயைக் கழற்றவும்.’ திருகி மூடுவதும் குழாய், சுவருக்குள் ஓடுவதும் குழாய், வளைந்து வருவதும் குழாய். புதிதாக வேலை கற்க வந்தவர் எதைக் கழற்றுவார்?

மடல் 2: குழாய்ப்பணிப் பயிற்றுநர்

அம்மா, பெயர் வைப்பதற்கு முன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சுவருக்குள் செங்குத்தாக ஒரு பெட்டி. ஹோஸின் ஒரு நுனி பெட்டியின் மேல்பகுதியில் வால்வுக்கு அடுத்துள்ள வாயில் அரை அங்குல நட்டால் பூட்டப்பட்டிருக்கும். மறு நுனி சுவர்த் துளை வழியாக வெளியே வந்து கைப்பிடியில் சேரும். இடையில் உள்ள நீளம் ‘ப’ வடிவில் தொங்கும். தொங்கலின் அடியில் ஒரு எடை கவ்வியிருக்கும். அந்த எடைதான் ஹோஸை உள்ளே இழுக்கிறது. ஸ்பிரிங் உருளையில் சுற்றும் வகையும் உண்டு. அதற்குச் சுழலும் இணைப்பு வேண்டும், அந்த இணைப்பின் ரப்பர் வளையம்தான் முதலில் கெடும்.

ஹோஸ் 1.5 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு நுனியும் ஒரே உயரத்தில் இருந்தால் தொங்கல் 75 செ.மீ. இறங்கும். எடைக்கும் கொஞ்சம் இடம் விட்டால் பெட்டிக்குள் 85 செ.மீ. ஆழம் தேவை. எடை ஹோஸைக் கவ்வியிருப்பதால், அரை மீட்டர் வெளியே இழுத்தால் எடையும் அரை மீட்டர் மேலே ஏறும். பெட்டியை 60 செ.மீ.க்கு வெட்டிவிட்டு 1.5 மீட்டர் ஹோஸ் மாட்டினால் எடை அடியில் உட்கார்ந்துவிடும், ஹோஸின் கடைசிப் பகுதி உள்ளே போகாமல் சுவரில் தொங்கும். ‘ஸ்பிரிங் போய்விட்டது’ என்று வரும் புகார்களில் ஸ்பிரிங்கே இல்லாத இந்த வகையும் உண்டு.

சொல்லைப் பொறுத்தவரை, பைப், டேப், ஹோஸ் என்று மூன்று பெயர் பணியிடத்தில் ஏற்கெனவே தனித்தனியாக இருக்கின்றன. குழப்பம் தமிழாக்கத்தில்தான் வந்தது. ஹோஸ் என்றே போடுங்கள்.

மடல் 3: புலவர்

பயிற்றுநர் ஐயாவின் விளக்கம் தெளிவு. முடிவை மட்டும் ஏற்பதற்கில்லை. மூன்று பொருளுக்கு மூன்று சொல் இல்லாத மொழியா நம்முடையது? உள்துளை உடைய நீண்ட பொருளுக்குத் ‘தூம்பு’ என்ற பெயர் சங்க காலத்திலேயே இருக்கிறது. புறநானூற்று 152ஆம் பாட்டில் ‘கண்விடு தூம்பின் களிற்றுயிர்’ என்று வருகிறது. யானையின் கை போன்ற வடிவமுடைய ஊதுகருவி என்பார்கள் உரைகாரர்கள்.

இப்போது இந்த ஷவரை நினைத்துப் பாருங்கள். வளைகிறது, நீள்கிறது, மீண்டும் சுருள்கிறது, நுனியால் நீரைத் தூவுகிறது. தும்பிக்கை வேறு என்ன செய்கிறது? தும்பிக்கை என்ற சொல்லே தூம்புக்கை என்பதிலிருந்து வந்தது. ஆகவே ‘கைத்தூம்பு’. ஐந்தே எழுத்து.

மடல் 4: கட்டடப் பொறியாளர்

தும்பி என்றால் யானை என்றும் பொருள் உண்டு ஐயா. தும்பியின் கை தும்பிக்கை என்று நேராகப் பிரிகிறபோது தூம்பு எதற்கு நடுவில்?

அது இருக்கட்டும். தூம்பு என்றால் ஏரியில் மதகு, வீட்டில் கழிவுநீர் வெளியேறும் வழி என்று அகராதிகள் சொல்கின்றன. இந்தப் பெட்டியில் உண்மையாகவே ஒரு தூம்பு இருக்கிறது. ஈரமான ஹோஸ் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் மேலே ஒட்டிய நீரைக் கூட்டிக்கொண்டு போகும். அந்த நீர் வெளியேற, பெட்டியின் அடித்தளத்தைக் குளியலறைப் பக்கம் சரித்து, ஒரு வடிதுளை விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் ஆறு மாதத்தில் அடுத்த அறைச் சுவரில் பெயின்ட் குமிழ்விடும், கீழே உப்புப் பூக்கும். சுவரில் ஓதம் ஏறியபின் டைல்ஸை உடைக்காமல் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அந்த வடிதுளைக்கே தூம்பு என்ற பெயர் பொருந்தும். ஹோஸுக்கும் அதையே வைத்தால் ‘தூம்பை அடைக்காதீர்’ என்ற எச்சரிக்கையை எதற்கு என்று எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. யாராவது ‘புதைகுழல்’ என்று தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சுவரில் காடி வெட்டிச் சிமென்ட் பூசி மூடும் பைப்தான் புதைந்தது. அழுத்தச் சோதனை முடிந்தபின் அதை யாரும் திரும்பத் தொடப்போவதில்லை. ஹோஸ் அப்படியில்லை, அது தேயும் பொருள். ஷாஃப்ட் (பைப்கள் செல்லும் இடைவெளி) பக்கத்திலிருந்தோ திறக்கும் டைல்ஸ் மூடி வழியாகவோ கை நுழைய வழி இருக்க வேண்டும். புதை என்ற சொல்லைப் படித்த கொத்தனார் பூசி மூடிவிடுவார். மறை என்றால் திறக்கலாம் என்று தெரியும். 4½ அங்குலச் சுவரில் இந்தப் பெட்டிக்காக வெட்டுவதே தவறு. 7 செ.மீ. ஆழம் எடுத்தால் மிச்சம் நான்கரை செ.மீ.கூட நிற்காது. முன்னால் போலிச் சுவர் கட்டி அதற்குள் வைப்பதுதான் சரி.

மடல் 5: யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கள் பக்கமும் ஹோஸ், ஷவர் என்றுதான் புழக்கம். ஆனால் மலையகத்தில் தோட்டத்து மக்கள் நீர் விழுகிற வாயைப் ‘பீலி’ என்பார்கள். குளிக்கிற இடம் பீலிக்கரை. உயிரோடு இருக்கிற சொல். கையில் பிடிக்கிற பீலி ‘கைப்பீலி’ ஆகாதா?

மடல் 6: புலவர்

பீலி என்றதும் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பீலி என்றால் மயிலிறகு. ‘பீலிபெய் சாகாடும்’ என்ற குறள் எல்லோருக்கும் தெரியும். தூவி என்றாலும் இறகு. தூவல் என்றாலும் இறகு, அதிலிருந்தே பேனாவுக்குத் தூவல் என்று பெயரிட்டோம். தூவுதல் நீருக்கும் உரியது. தூவானம், தூறல், தூவல், தூவி, பீலி எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. காம்பு உள்துளையாக இருப்பதால் இறகுக்கும் நீர்க்குழலுக்கும் ஒரே பெயர் வந்திருக்க வேண்டும். இறகின் அடிக்காம்பை வெட்டிப் பாருங்கள், அது ஒரு சிறு தூம்பு!

மடல் 7: யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, சிங்களத்தில் நீர் விழும் வாயைப் ‘பீல்ல’ என்பார்கள். மலையகப் பீலி அதோடு உறவுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மயிலிறகு வரைக்கும் போகத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சொல் நல்லதென்பதால் சொன்னேன், அவ்வளவுதான்.

மடல் 8: மொழிபெயர்ப்பாளர்

பீலி நீர் விழும் வாய்க்குப் பெயர், எனக்கு வேண்டியது அந்த வாய்க்குப் பின்னால் வளைந்து வரும் பகுதிக்கு. வாய்ப்பகுதிக்குப் பூவாளி இருக்கிறது. செடிக்கு நீர் தெளிக்கும் பூவாளியின் துளை முகமும் ஷவரின் முகமும் ஒன்றுதான், தோட்டம் வைத்த எல்லோருக்கும் தெரிந்த சொல். கைப்பிடியோடு சேர்ந்த தலையைக் ‘கைப்பூவாளி’ என்று முடிவு செய்துவிட்டேன். தூவி போடவில்லை, இறகு என்று படிக்க இடம் உண்டு.

ஹோஸுக்குக் ‘குழல்’ எடுக்கலாமா? பைப்பும் டேப்பும் குழாய் என்று பழகிப்போய்விட்டன, குழல் தனியாக இருக்கிறது. மீதி, உள்ளே போகும் செயலுக்கு ஒரு சொல். மீள்குழல்? ஒளிகுழல்?

மடல் 9: கட்டடப் பொறியாளர்

ஒளிகுழல் என்றால் டியூப் லைட் என்பார்கள். மீள் என்பது மீள்பதிவு, மீள்சுழற்சி என்று ‘திரும்பவும்’ என்ற பொருளில் ஊன்றிவிட்டது. மீள்குழல் பழைய பிளாஸ்டிக்கில் செய்த ஹோஸ் ஆகிவிடும்.

மடல் 10: புலவர்

அது மீட்குழல் அல்லவா?

மடல் 11: மொழிபெயர்ப்பாளர்

வினைத்தொகை ஐயா. கொள்கலன் என்கிறோம், கொட்கலன் என்பதில்லை.

மடல் 12: பயிற்றுநர்

குழல் எனக்குச் சம்மதம். குழாயிலிருந்து பிரித்துக் காட்டுகிறது, பையன்களுக்கும் வாயில் வரும். ‘உள்வாங்கு குழல்’ எப்படி? கடல் உள்வாங்கியது என்பது 2004 சுனாமிக்குப் பிறகு சின்னக் குழந்தைக்கும் தெரியும். 8 எழுத்து. சுடுகாடு, ஊறுகாய்போல வினைத்தொகை, ஒற்றும் மிகாது.

மடல் 13: கட்டடப் பொறியாளர்

இந்த ஒரு சொல்லை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். கடல் உள்வாங்கியது என்றால் தானே பின்வாங்கியது. குழல் உள்வாங்கியது என்றால் எதை உள்வாங்கியது என்ற கேள்வி வரும். மோட்டார் வேலை பார்ப்பவர் உடனே உறிஞ்சு குழாய் என்று எடுத்துக்கொள்வார்.

இங்கே அது வெறும் சொல் குழப்பத்தோடு நிற்காது. நம் வீடுகளில் கை ஷவரை வாளிக்குள் போட்டு நிரப்புவது வழக்கம். வால்வு திறந்திருக்க, மேல்தொட்டி காலியாகி, கீழ்த்தளத்தில் ஒருவர் டேப்பைத் திறந்தால், வாளியில் மூழ்கிக் கிடக்கும் தலை வழியாக அழுக்கு நீர் பின்னோக்கி ஏறிக் குடியிருப்பின் குழாய்க்குள் போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஹோஸ் தொடங்கும் இடத்தில் ஒருவழி வால்வு வைக்கிறோம். குழல் நீரை உள்வாங்குவதுதான் இந்தக் கருவியில் நடக்கவே கூடாத பிழை. பிழையின் பெயரைக் கருவிக்கு வைக்கலாமா?

மடல் 14: பயிற்றுநர்

சரியாகச் சொன்னீர்கள். விட்டுவிடுகிறேன்.

அந்த அத்தியாயத்தில் இதையும் சேருங்கள் அம்மா: மூடும் வால்வு ஹோஸுக்கு முன்னால் இருக்க வேண்டும். ஹெல்த் ஃபாசெட்போலக் கைப்பிடி விசையில் மட்டும் நீரை நிறுத்தினால் ஹோஸ் இரவு பகலாக அழுத்தத்திலேயே கிடக்கும். வெளியே கிடக்கும் ஹோஸ் வெடித்தால் தரையில் தெரியும். சுவருக்குள் வெடித்தால் தொட்டி காலியாகும்வரை தெரியாது. நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று போதும். ரப்பர் வாஷர்தான் அங்கே கசிவைத் தடுக்கிறது, மேலும் முறுக்கினால் வாஷர் பிதுங்கி அன்றைக்கே கசியும். வாஷர் உள்ள இடத்தில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் ஹோஸின் மேல் உப்புப் படிந்து சொரசொரப்பாகி, சுவர்த் துளையின் வளையத்தில் மாட்டும். எடையைக் கூட்டுவது அதற்குத் தீர்வல்ல, வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் மறுபடி வழுக்கும்.

மடல் 15: புலவர்

இழுப்பது எடை என்று பயிற்றுநர் ஐயா முதலிலேயே சொன்னார். ஆகவே உள்ளிழு என்றால் குழலே இழுப்பதாகப் பொய்யாகும். குழல் தான் அடங்குகிறது, எடை அதை அடக்குகிறது. தன்வினை வேண்டும். ‘ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்ற இடத்தில் ஆமை செய்வது இதுதான், வெளியே நீட்டியதை ஓட்டுக்குள் கொண்டுபோதல். தூம்பை நீங்கள் ஏற்காவிட்டாலும் வினையையாவது அங்கிருந்து எடுங்கள்: ‘உள்ளடங்கு தூம்பு’.

மடல் 16: மொழிபெயர்ப்பாளர்

‘உள்ளடங்கு குழல்’. 9 எழுத்து. வரி உள்ளடங்கிய விலை என்று கடைக்காரர் எழுதும் உள்ளடங்குதல் நினைவுக்கு வரலாம், ஆனால் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் குழப்பம் நிற்காது. இப்போது அந்த வரி: ‘வால்வை மூடிவிட்டு, சுவர்க் குழாயிலிருந்து குழலைக் கழற்றவும்.’ ஒருவரும் தவறாகக் கழற்ற மாட்டார். சுவர்மறை என்ற அடையை அத்தியாயத் தலைப்பில் மட்டும் வைக்கிறேன், படத்தில் சேர்த்தால் 14 எழுத்தாகிறது.

நாளை மதியம்வரை மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

மடல் 17: கட்டடப் பொறியாளர்

ஏற்கிறேன்.

மடல் 18: யாழ்ப்பாணத்திலிருந்து

எனக்கும் சரி. எங்கள் பணியாளர்களுக்கும் விளங்கும்.

மடல் 19: பயிற்றுநர்

முதல் இடத்தில் ‘உள்ளடங்கு குழல், அதாவது ஹோஸ்’ என்று இருக்கட்டும். கடையில் போய் உள்ளடங்கு குழல் கேட்டால் இன்றைக்கு ஒருவரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

மடல் 20: புலவர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் குழல் என்றால் தமிழில் ஊதுவதும் கூந்தலும்தான் முதலில் வரும். நீர் செல்லும் வழிக்கு உரிய சொல் தூம்பு. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.

மடல் 21: மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் நன்றி. இப்போது அடுத்த பக்கத்தில் அந்த எடைக்கு ‘எதிர்நிறை’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மடல் 22: யாழ்ப்பாணத்திலிருந்து

துலாக் கிணற்றில் துலாவின் பின்பக்கம் பாரம் கட்டுவார்கள், வாளி நிறைந்து ஏறுகிறபோது அது இறங்கும். அதே வேலைதான். ‘துலாப்பாரம்’ என்று நேரே வைத்தால் கோயில் நேர்த்திக்கடன் ஆகிவிடும். ‘துலாக்கல்’?

மடல் 23: பயிற்றுநர்

கொத்தனார் தூக்குக்குண்டு என்று ஏற்கெனவே ஒன்றை வைத்திருக்கிறார். இதற்குக் ‘குண்டு’ என்றாலே போதும். எந்தப் பெயர் வைத்தாலும் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: கைப்பூவாளியைத் தாங்கியில் வைத்தபின், தொங்கலின் அடிமட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே குழலில் குறியிட்டு, குறியின் மேல்தான் குண்டைக் கவ்வ வேண்டும். குறியை விட்டுக் கைப்பூவாளிப் பக்கம் ஏறிப்போனால் இழுக்கும்போது குண்டு சுவர்த் துளையில் முட்டி நிற்கும்.