கொறங்காட்டில் பெல்ட் கட்டிய ஒரு கன்னி நாயும் ஆளுக்கு அஞ்சாத ஒரு நாய்க்கூட்டமும்: எதை எப்படி அணுகுவது?

மூலனூர்ச் சாளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளக்கோவிலுக்கும் மூலனூருக்கும் இடையில் எங்கள் பெரியப்பாவுக்கு ஒன்பது ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலம், இருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டதால், கடந்த ஒன்றரை மாதமாக விடியற்காலை ஐந்து மணிக்கு நான்தான் போய்ப் பட்டியைத் திறந்து, தொட்டிக்குத் தண்ணீர் விட்டு வருகிறேன். நாற்பத்திரண்டு மயிலம்பாடிச் செம்மறிகள் இருக்கின்றன. காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி உண்டு. இரவில் காவலுக்கு ஆள் படுப்பதில்லை.

மூன்று வாரமாக அங்கே இரண்டு வகையான நாய்களைப் பார்க்கிறேன். ஒன்று தனி நாய். கருப்பு உடல், கால்களிலும் மூக்கோரத்திலும் செம்பழுப்பு, ஒட்டிய வயிறு. பார்வைக்குக் கன்னி இன வேட்டை நாய். கழுத்தில் தோல் பெல்ட்டும், அதில் ஒரு முழ நீளத்துக்கு அறுந்த நைலான் கயிறும் தொங்குகின்றன. வெள்வேல மரத்தடியில் நின்று பார்க்கும், கூப்பிட்டால் ஓடிவிடும், ஆனால் மறுநாளும் அதே இடத்துக்கு வரும். மற்றது ஐந்து நாய்கள் சேர்ந்த கூட்டம். சென்ற வெள்ளிக்கிழமை இட்டேரியில் (இரு வேலிகளுக்கு இடைப்பட்ட பாதையில்) எதிரே வந்தவை, டார்ச் அடித்தும் நகரவில்லை. நான்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அதற்கு இரண்டு நாள் முன்பு பட்டிக்குள் ஓர் ஆடு பின்தொடை கிழிந்து கிடந்தது.

கன்னி நாய் முயல் வேட்டைக்கு யாரோ கூட்டி வந்து தவறவிட்ட நாய் என்று பெரியப்பா சொல்கிறார். பக்கத்துக் காட்டுக்காரரோ, ஆறு நாய்களையும் ஒன்றாகவே எண்ணி விஷம் வைத்துவிடலாம் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொலைந்த நாய் எது, காட்டு வாழ்க்கைக்குப் பழகிவிட்ட நாய் எது என்று எப்படிப் பிரித்தறிவது? தனியாக இருப்பதைப் பிடிக்க முடியுமா? கூட்டம் எதிரே வந்தால் என்ன செய்ய வேண்டும்?

காங்கயம் பட்டிக்காரர் எழுதியது:

தம்பி, ஆட்டைக் கடித்தது எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுத்தையாக இருந்தால் கழுத்தைக் கவ்வி, இழுத்துக்கொண்டு போய்த் தின்றிருக்கும். அதன் காலடித் தடத்தில் நகம் பதியாது. நாய் துரத்திக்கொண்டே பின்தொடையையும் மடியையும் கிழிக்கும், தின்னாமல் அடுத்த ஆட்டுக்குத் தாவும், தடத்தில் நகம் தெளிவாகப் பதியும். நீங்கள் சொல்வது நாய்க்கடிதான். அதைக் கன்னி நாய் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு முழக் கயிறு தொங்கும் நாய் கிளுவை முள்ளுக்குள் நுழைந்து வந்தால் சிக்கிக்கொள்ளும். அது கடவு (வேலியில் விட்டிருக்கும் வாசல்) வழியாகத்தான் வந்து போகிறது என்பதைத் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இனி, பிரித்தறியும் வழி. இருபது ஆண்டாகப் பட்டி வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாயின் கண்ணைவிட அது நிற்கும் தூரத்தைக் கவனியுங்கள். தொலைந்த நாய் ஒரு தூரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும். நாம் நாலு அடி வைத்தால் அது நாலு அடி பின்வாங்கும். நாம் திரும்பிப் போனால் அதே நாலு அடி பின்தொடரும். ஆளை விட்டுப் போகவும் அதற்கு மனம் வராது, கிட்டே வரவும் துணிவு வராது. கூட்டமாகத் திரியும் நாய்கள் அப்படியல்ல. ஒன்று உங்களைப் பொருட்படுத்தாமல் தம் வழியே போகும், அல்லது ஒன்று முன்னால் நின்று குரைக்க மற்றவை இரண்டு பக்கமும் விரியும். அந்த விரிதலைக் கண்டால் உடனே வேலியையோ மரத்தையோ முதுகுக்குக் கொடுத்து நில்லுங்கள். ஓடாதீர்கள். தடியை நீட்டிப் பிடியுங்கள், சுழற்ற வேண்டாம். முன்னால் நிற்கும் நாயைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறுங்கள்.

ஊர் நாய்க்கு நாம் கீழே குனிந்தாலே போதும், கல் வருகிறது என்று ஓடிவிடும். அதை நம்பி இந்தக் கூட்டத்திடம் குனியாதீர்கள். கல்லடி படாமல் காட்டிலேயே பிறந்து வளர்ந்த நாய்க்குக் குனிந்த மனிதன் உயரம் குறைந்த உயிர், அவ்வளவுதான். தொலைந்த நாயிடமோ குனியவே கூடாது. அது மனிதரிடம் வளர்ந்தது. குனிவதன் பொருள் அதற்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரம் வந்த நாய் அன்றோடு வராமல் போய்விடும்.

ஒன்றைக் கேட்க விட்டுவிட்டேன். உங்கள் காட்டுக்கு ஒரு மைல் சுற்றளவில் கோழிப்பண்ணை இருக்கிறதா? செத்த கோழிகளைக் குழியில் போட்டு மூடாமல் வாய்க்கால் ஓரத்தில் வீசுகிறார்களா? கிளுவை வேலியை நம்பி ஆளில்லாமல் பட்டி போட்டு நம் அப்பாரு காலம்வரை நன்றாகத்தான் நடந்தது. இறைச்சிக் கழிவு சாலையோரத்துக்கு வந்த பிறகுதான் நாய்கள் கூட்டமாகின. கழிவு கிடைக்காத நாளில் அவை பட்டிக்கு வருகின்றன.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் எழுதியது:

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. வெறிநோய் (ரேபிஸ்) பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

நாய் கடித்தால் பத்து நாள் அந்த நாயைக் கவனித்துப் பார்க்கலாம் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கட்டி வைத்துப் பார்க்கக்கூடிய வீட்டு நாய்க்குச் சொன்னது அது. அப்போதும் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். காட்டில் கடித்துவிட்டு ஓடிய நாயைக் கவனிக்க வழியே இல்லை. ஆகவே காத்திருக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். தொட்டிக் குழாய் போதும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனெனில் வலியில் இருப்பவருக்கு இரண்டு நிமிடமே பதினைந்து போலத் தோன்றும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், பச்சிலை எதுவும் வைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாள்தான் 0. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) போட வேண்டும். அதை நீங்களே நினைவுபடுத்திக் கேளுங்கள்.

உங்களைப் போல் தினமும் இருட்டில் பட்டிக்குப் போகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அப்படிப் போட்டவருக்குப் பின்னால் கடி நேர்ந்தால் 0, 3 என இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.

தொடை கிழிந்த ஆட்டைப் பற்றி நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பிழைத்திருந்தால் அதன் காயத்தையும் அதே பதினைந்து நிமிடம் கழுவி, ஆட்டுக்கும் தடுப்பூசி போட வேண்டும். கையுறை இல்லாமல் வாயைத் திறந்து மருந்து புகட்டாதீர்கள். இறந்திருந்தால் கறிக்குக் கொடுத்துவிடாதீர்கள். புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் வரவழைத்துக் காட்டுங்கள். நாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கு அரசு இழப்பீடு அறிவித்திருக்கிறது. புதைத்த பிறகு மனு கொடுத்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

அந்தியூர் அடிவாரம் எழுதியது:

எனக்கு எழுபத்தொரு வயது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) பர்கூர் மலையடிவாரத்தில் நாய் கூட்டிக்கொண்டு முயலுக்குப் போனவர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய காலம் அது. இன்று நாயை விட்டு முயலைத் துரத்துவதே வேட்டைதான். முயல் சிக்காவிட்டாலும் முயற்சியே குற்றம். வேட்டையை நியாயப்படுத்த இதை எழுதவில்லை, நாய் தேடும் முறைக்காக எழுதுகிறேன்.

நாய் முயலைத் துரத்திப் புதருக்குள் போய், இருட்டும்வரை திரும்பாமல் போவது அடிக்கடி நடக்கும். அப்போது யாரும் காடு முழுக்கக் கத்திக்கொண்டு அலைய மாட்டார்கள். நாயைக் கடைசியாக அவிழ்த்துவிட்ட இடத்தில் அப்புச்சி தன் வேர்வை பட்ட தலைத்துண்டை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். விடியலில் போனால் நாய் துண்டின் மேல் சுருண்டு படுத்திருக்கும். தான் போன மோப்பத்தைப் பிடித்து, புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பும் என்பார். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்களும் நாய் தொலைந்த இடத்தில் தங்கள் சட்டையை விட்டுவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பார்கள் என்று என் பேரன் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. துண்டு நாயின் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும். உங்கள் துண்டு அந்தக் கன்னி நாய்க்கு யாரோ ஒருவரின் துணி. நாயைத் தேடுவதைவிட ஆளைத் தேடுவதுதான் உங்களுக்கு வேலை. ஆனால் அவர் வாயைத் திறக்க மாட்டார். நாய் என்னுடையது என்று சொன்னால், இரவில் உன் நாய்க்குக் கொறங்காட்டில் என்ன வேலை என்ற கேள்வி வரும். டீக்கடையில் சொல்லிவையுங்கள். பெயர் கேட்க மாட்டோம், பழைய துணி ஒன்றைக் கடவில் போட்டுவிட்டுப் போகட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

விஷம் என்று சொன்னவருக்கு ஒரு வார்த்தை. விஷம் வைத்த கறி நாயோடு நிற்காது. நரி தின்னும், காகம் தின்னும். எங்கள் பக்கத்தில் மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இப்படிச் செத்த ஒரு மாடு போதும், ஒரு கூட்டமே அழிந்துவிடும். இன்னொன்று, மலையோரத்தில் இருப்பவர்கள் செந்நாயைத் தெருநாய் என்று தவறாக எண்ணிவிட வேண்டாம். செந்நாய் குரைக்காது, சீழ்க்கை போல் ஒலி எழுப்பும். அதன் வால் நாய் வாலைப் போல் மேலே சுருளாமல் கறுத்துப் புசுபுசுவெனத் தொங்கும். அதை மனிதர் அடிப்பதைவிட, நம் நாய்களின் வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற கிருமி நோயும் தொற்றிச் சாவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2018இல் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோது கண்டறியப்பட்டதும் அந்த டிஸ்டெம்பர் கிருமிதான்.

திருப்பூர் வாசகி எழுதியது:

விஷம் வைத்துக் கொல்வது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஐந்து நாய்களையும் படம் எடுத்து மனுவோடு இணையுங்கள்.

காங்கயம் பட்டிக்காரர் எழுதியது:

அம்மா, அந்த விதியின்படி பிடித்த நாயை அதே இடத்தில்தானே திரும்ப விட வேண்டும்? கருத்தடை செய்த நாய் குட்டி போடாது, சரி. ஆட்டின் தொடையைக் கடிக்காது என்று விதியில் எங்கேயாவது இருக்கிறதா? மனு கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மனுவோடு, கோழிக்கழிவு வீசப்படும் இடத்தையும் படம் எடுத்துக் கொடுங்கள் என்கிறேன். அது நின்றால் கூட்டம் தானாகக் கலையும். அதுவரை இரவில் ஒருவர் பட்டியில் படுக்கத்தான் வேண்டும்.

மூலனூர்ச் சாளை எழுதியது (பதினாறு நாள் கழித்து):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. கடிபட்ட ஆடு அன்று மாலையே இறந்துவிட்டது. மருத்துவர் ஐயாவின் பதிலைப் படிப்பதற்கு முன்பே புதைத்துவிட்டோம், எனவே இழப்பீடு கேட்க வழியில்லை. நான் முன்தடுப்பு ஊசியைத் தொடங்கிவிட்டேன்.

கழிவு விஷயத்தில் பட்டிக்காரர் அண்ணன் சொன்னதே சரி. காட்டுக்கு வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டரில், பாலத்துக்கு அடியில் இறகும் குடலுமாகச் சாக்கு மூட்டைகள் கிடந்தன. ஐந்து நாய்களும் பகலில் அங்கேதான் படுத்திருக்கின்றன. படம் எடுத்து ஊராட்சியில் மனு கொடுத்து ஒன்பது நாளாகிறது. சாக்குகள் இன்னும் கிடக்கின்றன. பெரியப்பா வேண்டாம் என்று சொல்லியும் நான் இரவில் பட்டியிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறேன். ஒரு முறை இரண்டரை மணிக்கு வேலிக்கு வெளியே வந்து நின்றன. நான் எழுந்து நின்று தகரத்தைத் தட்டியதும் போய்விட்டன.

அந்தியூர் ஐயா சொன்னபடியே டீக்கடையில் சொல்லிவைத்தேன். நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கன்னி நாய்க்குத் தண்ணீரும் பழைய சோறும் வெள்வேல மரத்தடியில் வைத்துவிட்டு, அதன் பக்கம் பார்க்காமல் என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். நான் கடவைத் தாண்டிய பிறகு வந்து தின்னும். ஐந்தாம் நாள் விடியலில் எழுந்து பார்த்தபோது கடவுக் கம்பத்தில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு பழைய லுங்கி தொங்கியது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. அதை எடுத்து மரத்தடியில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தேன். மறுநாள் காலையில் நாய் அதன்மேல் படுத்திருந்தது, என்னைக் கண்டும் எழவில்லை, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. அதற்கு அடுத்த நாள் லுங்கியும் இல்லை, நாயும் இல்லை. கத்தியால் அறுத்தெடுத்த அந்த ஒரு முழ நைலான் கயிறு மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது.