மாசி வீதி குடும்பம்: எல்க் தோட்டா பஞ்சாயத்து

அருண் (டல்லாஸ்): சித்தப்பா, கடையில நிக்கிறேன். கொலராடோவுல எல்க் வேட்டைக்கு, அதான் அந்தப் பெரிய மானுக்கு, உங்க 308 துப்பாக்கிக்கு எந்தத் தோட்டாப் பெட்டி எடுக்கட்டும்? ஒரு சுவர் நிறைய இருக்கு
அருண் (டல்லாஸ்): 📷 படம்
ரவி மாமா: 7 எம்.எம். மேக்னம் வாங்கச் சொன்னேன். யாரும் கேக்கல
லதா அத்தை: ஆரம்பிச்சாச்சு
அருண் (டல்லாஸ்): கீழ் வரிசையில 147 கிரெயின் ரொம்ப மலிவு. எடுக்கவா?
மீனா அக்கா: எடுக்காத!!

செல்வம் சித்தப்பா: அருண், அந்த 147 முழு உலோக உறை போட்டது. அட்டையில சுட மட்டும்தான். உள்ள போனா மலராது, அதாவது முனை விரியாது. ஊசி குத்தின மாதிரி ஓட்டை போட்டு அந்தப் பக்கம் போயிடும். எல்க் அரை மைல் ஓடி எங்கயோ விழும், ரத்தத் தடமும் கிடைக்காது. கொலராடோவுல சட்டப்படியும் கூடாது. எல்க்குக்கு மலர்ற குண்டுதான் போடணும், குறைஞ்சது 85 கிரெயின், துப்பாக்கி 24 காலிபருக்குக் குறையக் கூடாது, 100 கெஜத்துல 1000 அடி-பவுண்டு சக்தி இருக்கணும்.

பெரியப்பா (மதுரை): கிரெயின்னா எவ்வளவுப்பா
செல்வம் சித்தப்பா: 7000 கிரெயின் ஒரு பவுண்டு அண்ணே. 180 கிரெயின் குண்டு ஏறக்குறைய ஒண்ணரைப் பவுன் தங்கம் எடை
பெரியப்பா (மதுரை): ஓ. இன்னிக்கு பவுன் விலை பாத்தியா
லதா அத்தை: அதை ஏன் அண்ணே கேக்குறீங்க. மீனா கல்யாணத்துக்கு அப்பவே எடுத்து வச்சிருக்கலாம்
மீனா அக்கா: அத்தை, தோட்டா பேசிட்டு இருக்கோம் 🙏

அருண் (டல்லாஸ்): சரி 147 வேணாம். மேல ஈ.எல்.டி. மேட்ச், ஈ.எல்.டி.-எக்ஸ், அக்யூபாண்ட், பார்ட்டிஷன், பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ்னு குண்டு வகை இருக்கு
ரவி மாமா: பார்ட்டிஷன். 180. முடிஞ்சது

செல்வம் சித்தப்பா: மச்சான் சொல்றதுல தப்பில்ல, ஆனா காரணம் தெரிஞ்சுக்கட்டும். பெண் எல்க்கே 500 பவுண்டு வரும், ஆண் 700. தோள் எலும்பு தடி. சாதாரண மான் குண்டு, அதாவது ஈயத்து மேல செம்புத் தகடு சுத்தினது, கிட்டக்க வேகமா எலும்புல பட்டா சிதறி நுரையீரலுக்குப் போறதுக்குள்ள கரைஞ்சிடும். இந்தப் பிரச்சினைக்காகத்தான் ஜான் நாஸ்லர் பார்ட்டிஷனையே செஞ்சார். 1946-ல கனடாவுல ஒரு மூஸ் மேல, அது எல்க்கை விடப் பெரிய மான், அவர் சுட்ட குண்டு ஆழமா இறங்கல. குண்டுக்கு நடுவுல செம்புலயே ஒரு தடுப்புச் சுவர் வச்சார். முன்பாதி மலர்ந்து தேயும், பின்பாதி முழுசா உள்ள போகும். மூணுல ரெண்டு பங்கு எடை தங்கும்.
அக்யூபாண்ட்ல ஈயமும் உறையும் ஒட்டியிருக்கும், அதனால பிரியாது. மிஞ்சற எடையும் ஏறக்குறைய அதே கணக்கு. முனையில பிளாஸ்டிக், காத்தை நல்லா கிழிக்கும். டி.டி.எஸ்.எக்ஸ் முழுக்கச் செம்பு, இதழ் மாதிரி விரியும், எடை கிட்டத்தட்ட குறையவே குறையாது. ஈ.எல்.டி. மேட்ச் போட்டிக்கு. தொடாத. ஈ.எல்.டி.-எக்ஸ் வேட்டைக்குத்தான் செஞ்சது, தூரத்துல நல்லா மலரும், ஆனா 50 கெஜத்துல தோள்ல பட்டா நிறைய சிதறும். நம்ம காட்டுல 50 கெஜமும் வரும், 300-ம் வரும்.

ரவி மாமா: அதான் சொன்னேன். பார்ட்டிஷன்
அருண் (டல்லாஸ்): 😅 180-ஆ 165-ஆ?

மீனா அக்கா: 308-ல 165. 180 போட்டா வேகம் குறையும், 308 தோட்டாக் கூட்டுல மருந்துக்கு அவ்வளவு இடமில்ல. 30-06 துப்பாக்கின்னா 180 தாராளமா போடலாம், வினாடிக்கு 2700 அடி வேகம் வரும். 308-ல 165-க்கே அந்த 2700 வரும். 200 கெஜத்துக்குக் குறி சரிபண்ணி வச்சா 100-ல 2 அங்குலம் மேல, 300-ல ஏறத்தாழ 8 அங்குலம் கீழ. அதுக்கு மேல உனக்கு வேணாம்.
மீனா அக்கா: அப்பா துப்பாக்கி குழல் 20 அங்குலம். பெட்டியில போட்டிருக்கிற வேகம் 24 அங்குலக் குழலுக்கு. அங்குலத்துக்கு 25 அடி கழிச்சுக்கோ, 2600-னு கணக்கு வை
ரவி மாமா: மேக்னத்துல வேகத்துக்குப் பஞ்சமே இல்ல
செல்வம் சித்தப்பா: மேக்னம் உதைக்கு பயந்து கண்ணை மூடிச் சுட்டா எந்தக் குண்டும் உதவாது மச்சான். புதுப் பையனுக்கு 308 போதும். நல்ல குண்டு, நல்ல இடம்.
ரவி மாமா: 👍
ரவி மாமா: என் கூலர் எப்ப திரும்ப வரும் மாப்ள

லதா அத்தை: செம்பா ஈயமா முதல்ல அதைச் சொல்லுங்க. அந்தக் கறியை நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் சாப்பிடும்
மீனா அக்கா: அத்தை சொல்றது முக்கியம். ஈயம் கண்ணுக்குத் தெரியாத துகளா கறிக்குள்ள பரவும். காயத்தைச் சுத்தி ஒரு சாண் வெட்டி எறிஞ்சாலும் அதுக்கு அப்பாலயும் இருக்கும். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயமே கூடாது, காண்டர் கழுகு மிச்சத்தைத் தின்னு சாகுதுன்னு. கொலராடோவுல கட்டாயமில்ல, ஆனா நம்ம வீட்டுக்குச் செம்புதான்
லதா அத்தை: அப்ப செம்பு
ரவி மாமா: பார்ட்டிஷன் 40 வருஷமா சாப்பிடுறோம்
லதா அத்தை: இனிமே இல்ல

செல்வம் சித்தப்பா: செம்புன்னா ரெண்டு விஷயம். ஒண்ணு, ஈயத்தை விட லேசானது, அதனால அதே எடைக்கு குண்டு நீளம். குழலுக்குள்ள குண்டைச் சுழல விடற வரி முறுக்கு 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து இருந்தா கவலையில்ல, என்னுது அதான். பழைய 308 சிலதுல 12 இருக்கும், அதுக்கு 150 போதும். ரெண்டு, மலர வேகம் வேணும். சேர்ற இடத்துல வேகம் வினாடிக்கு 2000 அடிக்குக் கீழ போகவிடாத. நம்ம குழலுக்கு 300 கெஜம்தான் எல்லை.

அருண் (டல்லாஸ்): அப்ப டி.டி.எஸ்.எக்ஸ் 165. ஒரு பெட்டி எடுத்துட்டேன்
மீனா அக்கா: ஐயோ நில்லு. துப்பாக்கி இங்க இருக்கு. நீ அங்க வாங்கினா எதை வச்சு சரிபண்றது? பெட்டியில தொகுதி எண் அச்சடிச்சிருக்கும். தொகுதி மாறினாலே அடி விழற இடம் நகரலாம். ஒரே எண்ல 3 பெட்டி இங்கயே வாங்கறோம்
செல்வம் சித்தப்பா: அதோட முதல்ல குழல்ல இருக்கிற பழைய செம்புக் கறையை நல்லா தேச்சு எடுக்கணும். வேற குண்டு ஓட்டின குழல்ல அப்படியே சுட்டா கூட்டமா விழாது, குண்டு மேல பழி போடுவோம். அப்புறம் மூணு மூணா சுட்டு, நடுவுல 10 நிமிஷம் ஆறவிடணும். காட்டுல சுடப்போறது ஆறின குழல்ல முதல் அடி. அது எங்க விழுதுன்னு தனியா குறிச்சு வைக்கணும்.

அருண் (டல்லாஸ்): அப்ப இதைத் திருப்பித் தரவா?
ரவி மாமா: தோட்டாவைத் திரும்ப எடுக்க மாட்டான்
செல்வம் சித்தப்பா: நீ இன்னும் ஹெச்1பி விசாதான? தோட்டா வச்சிருக்கவே செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் வேணும். இருக்குல்ல?
அருண் (டல்லாஸ்): டெக்சஸ் லைசென்ஸ் பர்ஸ்ல இருக்கு
செல்வம் சித்தப்பா: காலாவதித் தேதி பாரு. பாத்துட்டுச் சொல்லு. விளையாட்டு இல்ல
அருண் (டல்லாஸ்): ஆகஸ்ட் 31 வரைக்கும்
மீனா அக்கா: அப்ப வேட்டை நாள்ல அது செல்லாது. கொலராடோ டேக், அதான் எல்க் வேட்டை அனுமதிச் சீட்டு, கையில வந்த பிறகு வா
அருண் (டல்லாஸ்): சரி க்கா. பிளைட்ல கொண்டு வரலாமா?
மீனா அக்கா: செக்-இன் பெட்டியில, அட்டைப் பெட்டியோட, கவுன்டர்ல சொல்லிட்டு. 11 பவுண்டு வரைக்கும்

பெரியப்பா (மதுரை): எல்க் நம்ம கடமான் மாதிரியா
செல்வம் சித்தப்பா: ஒரே குடும்பம் அண்ணே. அங்க 1972 சட்டத்துக்கு அப்புறம் தொட முடியாது
பெரியப்பா (மதுரை): தொடவும் வேணாம். ஏம்ப்பா, மூணாவது வேட்டை சீசன்னா தீபாவளிக்கு யாரும் வீட்ல இருக்க மாட்டீங்களா
லதா அத்தை: அதைக் கேளுங்க அண்ணே!
ரவி மாமா: ரெண்டாவது சீசனே போலாம்னு சொன்னேன்
செல்வம் சித்தப்பா: டேக் மூணாவதுக்கு வந்திருக்கு மச்சான், நான் என்ன செய்ய
லதா அத்தை: எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு மத்தியானம் கிளம்புங்க
மீனா அக்கா: சூரியன் உதிக்கறதுக்கு அரை மணி முன்னாடியே சுட அனுமதி அத்தை, அந்த நேரம்தான் எல்க் வெளிய வரும்
லதா அத்தை: எல்க்குக்கு தீபாவளி தெரியாது. உங்கப்பாவுக்குத் தெரியும்

அருண் (டல்லாஸ்): கறி சாப்பிடலாமா, ஏதோ மான் நோய் இருக்காமே?
மீனா அக்கா: ஆமா, 1967-ல முதல்ல கண்டுபிடிச்சதே கொலராடோவுலதான். தலையை வனத்துறை ஆபீஸ்ல கொடுத்தா சோதிப்பாங்க. முடிவு வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல. இருக்குன்னு வந்தா சாப்பிடக் கூடாது
ரவி மாமா: ஃப்ரீசர் யார் வீட்ல
ரவி மாமா: கூலரும் சேத்து
செல்வம் சித்தப்பா: சனிக்கிழமை 8 மணிக்கு ரேஞ்சு. மீனா வேகமானி எடுத்துட்டு வா. டி.டி.எஸ்.எக்ஸ் 165-ம் அக்யூபாண்ட் 165-ம் ரெண்டையும் சுட்டுப் பாப்போம், எது என் குழல்ல மூணு அடியும் ஒண்ணரை அங்குலத்துக்குள்ள விழுதோ அதான்
லதா அத்தை: செம்புன்னு முடிவாச்சுல்ல?
செல்வம் சித்தப்பா: சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன் அக்கா
லதா அத்தை: செம்பு
ரவி மாமா: நானும் வரேன். 7 எம்.எம். எடுத்துட்டு