கடை கம்ப்யூட்டர்ல கை வைக்காத

குரூப்: மீனாட்சி துணை (நம்ம குடும்பம்)
26 அக்டோபர் 2025, ஞாயிறு

7:12 பெரியப்பா: (பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது) அவசரம்!! விண்டோஸ் 10 போட்ட கம்ப்யூட்டர்கள் அக்டோபர் 14ஆம் தேதிக்குப் பிறகு இயங்காது. உடனே அனைவருக்கும் பகிரவும் 🙏🙏

7:15 மேலூர் சித்தப்பா: அண்ணே இன்னைக்கு தேதி 26. என் லேப்டாப் இப்பக்கூட ஓடிக்கிட்டுதேன் இருக்கு

7:16 பெரியப்பா: வந்ததை அனுப்பினேன்பா

7:31 கார்த்தி: பெரியப்பா அது பாதி உண்மை. 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு ஃப்ரீயா வர்ற செக்யூரிட்டி அப்டேட் நின்னுருச்சு, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடும், ஆனா புதுசா ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் வராது

7:33 மேலூர் சித்தப்பா: அப்ப நான் புதுசு வாங்கணுமாடா. கடைக்காரன் விண்டோஸ் பதினொன்னு ஏறாதுங்கறான், லேப்டாப் 2016ல வாங்குனது

7:34 கார்த்தி: சொல்றேன் சித்தப்பா, பல்லு வெளக்கிட்டு வரேன்

8:02 செல்லூர் அத்தை: டேய் கார்த்தி இருக்கியா. பிரியா காலைல இருந்து பென்டிரைவ தூக்கிட்டு நிக்கிறா, கடை கம்ப்யூட்டர்ல புது உபுண்டு ஏத்தப்போறாளாம் ஞாயித்துக்கிழமை மத்தியானத்தோட கடை அடைச்சுருவோம்ல அதுக்குள்ள முடிச்சுருவேங்கறா, விடவா வேணாமா

8:02 கார்த்தி: அத்தை வேணாம்

8:02 கார்த்தி: நிறுத்துங்க

8:03 கார்த்தி: அந்த பென்டிரைவ மொதல்ல வாங்கி கல்லாவுல போடுங்க

8:04 பிரியா: அத்தான் என்ன இப்படி பயப்படுறீங்க 😂 25.10 வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு, அக்டோபர் 9லயே வந்துருச்சு. என் லேப்டாப்ல போட்டுட்டேன் சூப்பரா ஓடுது

8:05 செல்லூர் அத்தை: 25 பத்துன்னா என்னடா. 25 ரூவா 10 பைசாவா

8:07 கார்த்தி: 2025ஆம் வருஷம் 10ஆம் மாசம் அத்தை. நம்ம கடையில விண்டோஸுக்குப் பதிலா போட்டிருக்குற உபுண்டு 24.04, அதாவது 2024 ஏப்ரல். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் விடுவாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மிருகத்து பேரு வச்சு. இப்ப வந்ததுக்கு குவெஸ்டிங் குவாக்கா

8:08 மேலூர் சித்தப்பா: அது என்னடா குவாக்கா, கொக்கா

8:08 பிரியா: ஆஸ்திரேலியாவுல இருக்குற குட்டி மிருகம் மாமா, மூஞ்சிய பாத்தா சிரிக்கிற மாதிரியே இருக்கும்

8:09 செல்லூர் அத்தை: அது சிரிக்கட்டும், என் பிரிண்டர் அழுகுமான்னு சொல்லு

8:14 கார்த்தி: அதேதான் அத்தை நானும் சொல்ல வர்றது. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஏப்ரல்ல வர்றது மட்டும் நெடுநாளைக்கு. நம்ம 24.04 அந்த வகை, 5 வருஷம், 2029 வரைக்கும் அப்டேட் வரும். உபுண்டு ப்ரோன்னு ஒரு அக்கவுண்ட் போட்டா 2034 வரைக்கும், சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரை காசு கிடையாது. நடுவுல வர்ற 25.10 மாதிரி ஆளுங்களுக்கு 9 மாசம்தான் ஆயுசு. அடுத்த ஜூலையில முடிஞ்சுரும், மறுபடி நீங்க என்னைய கூப்பிடுவீங்க நான் சென்னையில இருந்து என்ன பண்ண

8:15 செல்லூர் அத்தை: 9 மாசமா. காஸ் அடுப்புக்குக்கூட ரெண்டு வருசம் கேரண்டி குடுக்குறாய்ங்க

8:17 பிரியா: ஆனா அதுல என்னென்ன புதுசு தெரியுமா. லாக் ஸ்கிரீன்லயே பாட்ட நிறுத்தலாம், பாஸ்வேர்டு போட்டு உள்ள போகத் தேவையில்ல. டெர்மினல் மாறிருச்சு, போட்டோ பாக்குறது மாறிருச்சு ரெண்டும் நல்லா வேகமா இருக்கு. டெஸ்க்டாப்பு ஜினோம் 49, உள்ள இன்ஜின் மாதிரி இருக்குற கெர்னல் 6.17. என் வைஃபை இப்பல்லாம் பொசுக்கு பொசுக்குன்னு போறதில்ல

8:18 கார்த்தி: உன் லேப்டாப்புக்கு நல்லதுதான் பிரியா, நீ காலேஜ்ல கத்துக்குற பொண்ணு, உடைஞ்சா நோண்டி சரி பண்ணுவ. கடைல காலைல 9 மணிக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க நிக்கிறவர்கிட்ட கெர்னல் 6.17னு சொல்ல முடியுமா

8:19 மேலூர் சித்தப்பா: 😂😂😂

8:26 கார்த்தி: அத்தை ஒண்ணு கேக்கறேன். நான் இங்க இருந்து உங்க ஸ்கிரீன பாக்கணும்னா என்ன பண்ணுவீங்க

8:28 செல்லூர் அத்தை: வெளிய வந்து, மறுபடி பேர அமுக்கி பாஸ்வேர்டு கேக்குறப்ப கீழ வலது ஓரத்துல பல்சக்கரம் இருக்கும்ல அத அமுக்கி, ஸோர்க்குனு இருக்குறத தொட்டுட்டு உள்ள போவேன். நீதானடா பில் புக்கு அட்டையில எழுதி ஒட்டிவச்ச

8:33 கார்த்தி: அந்த ஸோர்க் 25.10ல கிடையாது. ஸ்கிரீன்ல எல்லாத்தையும் காட்டுற அந்த எக்ஸ் சிஸ்டம் 1984ல இருந்து இருக்குற பழைய ஆளு, அதுல எந்த புரோகிராமும் பக்கத்து புரோகிராம் ஸ்கிரீன எட்டிப் பாக்கலாம், பழைய வளவு வீடு மாதிரி நடுவுல கதவே கிடையாது. இப்ப அதே வேலைய பாக்குற புது ஆளு வேலாண்ட் மட்டும்தான், அதுல ஒவ்வொருத்தருக்கும் தனி ரூமு, பாக்கணும்னா கதவ தட்டி பெர்மிஷன் கேக்கணும். நல்ல விஷயம்தான் நான் இல்லேங்கல. ஆனா நம்ம உபயோகிக்கிற ரிமோட் பழசு, கதவ தட்டத் தெரியாது. பழைய சாஃப்ட்வேர் ஓடறதுக்கு உள்ள ஒரு ஏற்பாடு இருக்கு, ஸ்கிரீன எட்டிப் பாக்குறதுக்கு அது ஒத்து வராது

8:34 பிரியா: வேற ரிமோட் போட்டுக்கலாமே, செட்டிங்ஸ்லயே ஒண்ணு இருக்கு

8:35 கார்த்தி: போடலாம். நான் பொங்கலுக்கு வர்றப்ப பக்கத்துல உக்காந்து போடுவோம். இன்னைக்கு வேணாம்

8:41 செல்லூர் அத்தை: (வாய்ஸ் மெசேஜ் 1:07)

8:43 கார்த்தி: அத்தை வண்டிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, டைப் பண்ணுங்க

8:49 செல்லூர் அத்தை: எனக்கு வேண்டியது ரெண்டே ரெண்டுடா. ஒண்ணு நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ண விரலு, அந்த டைப்ரைட்டர் கீ எங்கிட்டு இருந்துச்சோ அங்கிட்டேதான் இருக்கணும். ரெண்டாவது பாமினி ஃபான்ட்டு. மனு எழுதி வாட்ஸப்புல அனுப்புறாய்ங்க, தொறந்தா ஒரே இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கெடக்கும், எழுத்த பாமினின்னு மாத்துனாதேன் தமிழாகும். மொத தடவ நீ ஏத்துனப்ப ஒரு வாரம் பாமினி இல்லாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், கலெக்டர் ஆபீஸ் மனு ஒண்ண மறுபடி ஃபுல்லா அடிச்சேன்

8:51 பெரியப்பா: அரைப்புள்ளி ஏன் வருகிறது பாப்பா

8:52 பிரியா: பாமினியில புள்ளி வைக்கணும்னா கீபோர்டுல அரைப்புள்ளி கீயதான் அடிக்கணும் பெரிய மாமா. அது யூனிகோடு கிடையாது, உள்ள இருக்குறது பூரா இங்கிலீஷ் எழுத்துதான், மேல தமிழ் முகமூடி போட்டிருக்கு. ஃபான்ட் இல்லேன்னா முகமூடி கழண்டுரும்

8:53 பெரியப்பா: அருமையான விளக்கம் 👏

8:56 கார்த்தி: அத்தை அந்த ரெண்டுமே 24.04ல செட் பண்ணியாச்சு. தமிழ் டைப் பண்ண உதவுற ஐபஸ்ல எம்17என்னு ஒரு பேக்கேஜ் போட்டு டைப்ரைட்டர் லேஅவுட் எடுத்தோம், ஃபான்ட்ட உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணியிருக்கேன். விண்டோஸ் படம் போட்ட கீயும் ஸ்பேஸும் அமுக்குனா தமிழுக்கு மாறுதுல்ல, அது எங்கயும் போகாது. ஆனா பிரியா பென்டிரைவுல இருந்து டிஸ்க்க அழிச்சு போட்டா ஃபான்ட்டும் போயிரும் உங்க பில்லு ஃபைலும் போயிரும்

8:57 செல்லூர் அத்தை: அழிச்சா????

8:57 செல்லூர் அத்தை: ஏ பிரியா

8:58 பிரியா: அம்மா நான் பேக்கப் எடுத்துட்டுதான் போடுவேன் 🙄

8:59 செல்லூர் அத்தை: பென்டிரைவ கல்லாவுல போட்டு பூட்டிட்டேன் கார்த்தி

9:20 கார்த்தி: பிரியா கோச்சுக்காத. உனக்கு ஒரு விஷயம் சொல்லணும், இது நெசமாவே முக்கியம். உன் லேப்டாப்ல ஆட்டோமேட்டிக்கா அப்டேட் வருதா

9:21 பிரியா: வரும்ல. ஆன்லதான் இருக்கு. ஆனா ஒண்ணுமே கேக்கல போட்டதுல இருந்து, அதான் சொன்னேன் ஸ்மூத்தா இருக்குன்னு

9:29 கார்த்தி: அது ஸ்மூத் இல்ல, ஊமை. 25.10ல லினக்ஸோட, அதாவது உபுண்டுக்கு அடியில இருக்குறதோட, அடிப்படை கட்டளை நெறையத்தையும், எல்எஸ், டேட் இந்த மாதிரி தினம் ஆயிரம் தடவ உள்ளுக்குள்ள ஓடற குட்டி குட்டி புரோகிராம்கள, ரஸ்ட்னு ஒரு புது மொழியில எழுதுனதா மாத்திட்டாங்க. அட்மின் உரிமையோட கட்டளை ஓட்டற சூடோவையும் மாத்திட்டாங்க. ரஸ்ட்ல மெமரிய தப்பா தொடற ஓட்டைக நெறைய வராது, அதுக்காக மாத்துனது. அதுல டேட்டுன்னு இருக்குற கட்டளையில ஒரு பிழை. ஒரு ஃபைல கடைசியா எப்ப மாத்துனாங்கன்னு கேட்டா, அந்த நேரத்த சொல்லாம இப்ப மணி என்னவோ அத சொல்லிருச்சு

9:30 மேலூர் சித்தப்பா: புரியல

9:33 கார்த்தி: சித்தப்பா, பால்காரர் கடைசியா எப்ப வந்தாருன்னு வீட்ல ஒரு பையன்கிட்ட கேக்கறீங்க. அவன் நீங்க எப்ப கேட்டாலும் சுவத்து கடிகாரத்த பாத்து மணி 9:33ங்கறான். நீங்க என்ன நெனப்பீங்க, ஓ இப்பதான் வந்துட்டு போயிருக்காருன்னு. நாள் முழுக்க அப்படியே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, வீட்ல பாலே இருக்காது

9:34 மேலூர் சித்தப்பா: அடேய் 😂 இப்ப வெளங்குது

9:35 பிரியா: ஐயோ அப்ப இப்பதான் செக் பண்ணேன்னு நெனச்சுக்கிட்டு அது செக்கே பண்ணலையா

9:36 கார்த்தி: ஆமா. போன வாரம் உபுண்டு ஆளுங்களே அறிவிச்சாங்க, ரிப்பேரும் விட்டாச்சு. ஆனா தானா வர்றதுதான கெட்டுப்போச்சு, அதனால ரிப்பேரும் தானா வராது, நீ கையால கூப்பிடணும். டெர்மினல்ல சூடோ ஆப்ட் அப்டேட், அப்புறம் சூடோ ஆப்ட் அப்கிரேட்

9:52 பிரியா: 143 பேக்கேஜ் 😭

9:52 பிரியா: ஹாட்ஸ்பாட் டேட்டா காலி

9:53 கார்த்தி: கடை 24.04ல அந்த ரஸ்ட் மாத்தம் எதுவும் இல்ல, அங்க பழைய டேட்டுதான். அது வயசான ஆளு ஆனா மணி கேட்டா சரியா சொல்லும்

9:54 பிரியா: சரி ஒத்துக்கறேன். ஆனா யாராவது மொதல்ல போட்டு பாத்தாதான இந்த பிழையெல்லாம் தெரியும். எல்லாரும் உங்கள மாதிரி பூட்டி வச்சா எப்படி

9:55 கார்த்தி: அதுவும் சரிதான். அதுக்குத்தான் நீ இருக்க

9:56 செல்லூர் அத்தை: ரெண்டு பேரும் வளவளன்னு பேசாதீங்க, கூட்டம் வந்துருச்சு

11:40 மேலூர் சித்தப்பா: டேய் என் கதை என்னாச்சு. நீ பல்லு வெளக்க போயி நாலு மணி நேரமாச்சு

11:46 கார்த்தி: மன்னிச்சிக்கோங்க சித்தப்பா. நீங்க அதுல என்ன பண்றீங்க

11:48 மேலூர் சித்தப்பா: நெல்லு கணக்கு டாலில. அப்புறம் பேப்பர் படிப்பேன் யூட்டியூப் பாப்பேன் பேரன் படம் வரைவான்

11:53 கார்த்தி: டாலி வேணும்னா லினக்ஸ் பக்கம் வராதீங்க, அது விண்டோஸுக்கு எழுதுனது, இங்க தந்திரம் பண்ணி ஓட்டலாம்பாங்க கணக்கு வழக்குல அந்த வெளயாட்டு வேணாம். விண்டோஸ் 10க்கே இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரைக்கும், செக்யூரிட்டி அப்டேட் நீட்டிக்கிற ஏற்பாடு இருக்கு, அதுல உங்கள சேத்து விடறேன். அதுக்குள்ள டாலிக்குன்னு ஒரு சின்ன கம்ப்யூட்டர் பாத்துக்கலாம்

11:55 கார்த்தி: அப்புறம் இந்த லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் 22.2 போட்டு பேரனுக்கு குடுத்துருங்க. செப்டம்பர்ல வந்துச்சு. அது நம்ம கடைல இருக்குற 24.04 மேல கட்டுனதுதான், அதுவும் 2029 வரைக்கும். பாக்க விண்டோஸ் மாதிரியே கீழ பட்டை, இடது மூலையில மெனு. கைரேக வைக்கிற லேப்டாப்புக்கு அதுக்குன்னு புதுசா ஒரு ஆப்பும் குடுத்துருக்காங்க

11:56 மேலூர் சித்தப்பா: என் லேப்டாப்ல கைரேகயா. அதுல எஃப் எழுத்தே கழண்டு போச்சுடா

11:57 பிரியா: மாமா நான் வந்து போட்டுத் தரேன். மொதல்ல பென்டிரைவுல இருந்தே ஓட்டிப் பாக்கலாம், டிஸ்க்குல ஒண்ணும் ஏத்தாம. வைஃபை வருதா சத்தம் வருதான்னு பாத்துட்டு பிடிச்சா போடலாம். ஆனா பென்டிரைவ் கல்லாவுல இருக்கு

11:58 செல்லூர் அத்தை: மேலூருக்கு போறதா இருந்தா தரேன்

12:10 பெரியப்பா: கார்த்தி, நம் கடைக்கு அடுத்த நெடுநாள் பதிப்பு எப்போது வரும்?

12:14 கார்த்தி: 2026 ஏப்ரல்ல 26.04 பெரியப்பா. ஆனா வந்த ஒடனே 24.04ல இருக்குறவங்களுக்கு காட்டாது. மொத ரவுண்டு பிழையெல்லாம் திருத்தி 26.04.1னு ஆகஸ்ட்ல விட்டப்புறம்தான் மாறிக்கறீங்களான்னு கேக்கும். அப்பக்கூட கட்டாயம் இல்ல, 2029 வரைக்கும் இருக்கறதுலயே இருக்கலாம்

12:16 செல்லூர் அத்தை: ஆகஸ்ட்டுன்னா ஆடியால்ல இருக்கும்

12:16 கார்த்தி: மொத பாதி ஆடிதான் அத்தை

12:17 செல்லூர் அத்தை: ஆடியில புதுசா எதையும் ஏத்தக்கூடாது. ஆவணியில வா

12:17 கார்த்தி: சரி அத்தை ஆவணி

12:19 பெரியப்பா: நல்ல முகூர்த்தம் பார்த்துச் சொல்கிறேன். நாளை சூரசம்ஹாரம், திருப்பரங்குன்றத்துக்கு யார் யார் வருகிறீர்கள்?

12:21 செல்லூர் அத்தை: நான் மத்தியானம் கடை அடைச்சுட்டு வரேன்ணே. பிரியா 143ம் எறங்கி முடிச்சாத்தான் வருவாளாம்