அப்பாயிக்குத் தெரிஞ்ச மலையை இனி யார்கிட்ட கேட்கிறது?

பீலிக்கரைப் பேரன்:

வணக்கம். சொந்த ஊர் இலங்கை மலையகத்துல அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். பதினாறு வருசமா கொழும்புப் பக்கம் வத்தளையில இருக்கேன். போன மாசம் அப்பாயி கருமாதிக்கு மகளைக் கூட்டிட்டுப் போனேன். எட்டு வயசு. கானு (வடிகால்) ஓரமா நடக்கும்போது ஒரு செடியைக் காட்டி "இது என்னப்பா?"ன்னு கேட்டா. வல்லாரைன்னு சொன்னேன். அதுக்குப் பக்கத்துல இருந்ததுக்குப் பேர் தெரியல. அடுத்ததுக்கும் தெரியல. சின்ன வயசுல அதே கானுலதான் அப்பாயிகூட கீரை பறிச்சேன்.

அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் பிடி கொழுந்தை "பொலி, பொலி"ன்னு சொல்லித்தான் கூடையில போடும். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுற வேலை, தொடங்க முன்னாடி கவ்வாத்துசாமிக்குத் தேங்காய் உடைக்காம மலையில கத்தி வைக்கக் கூடாதுன்னு சண்டை பிடிக்கும். 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தைப் பக்கம் மீரியாபெத்தைத் தோட்டத்துல மண் சரிஞ்ச பிறகு எங்க லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகள்) அதிகாரிங்க வந்தாங்க. ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்கினா, இல்லாத இடத்துல புது ஊத்து கிளம்பினா, நிலம் வெடிச்சா, மரம் சாஞ்சா உடனே வெளியேறுங்கன்னு சொன்னாங்க. இஸ்தோப்புல (திண்ணையில) உட்கார்ந்திருந்த அப்பாயி, "பீலித் தண்ணி செவந்தா புள்ளையத் தூக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுன்னு என் மாமியா அப்பவே சொல்லுச்சு"ன்னுச்சு. (பீலின்னா ஊத்துத் தண்ணி வந்து விழுற குழாய்.) வேற என்ன சொல்லுச்சுன்னு நான் கேட்கல. அதுதான் இப்போ உறுத்துது.

இதையெல்லாம் இனி யார்கிட்ட, எப்படிக் கேட்கிறது? இன்னொண்ணு, கேட்கவே கூச்சமா இருக்கு. இந்த நாட்டுப் பூர்வகுடியான தம்பானை வேடர் மக்கள் காட்டைத் தங்களோடதுன்னு சொன்னா அதுல நியாயம் இருக்கு. நம்ம ஆளுங்க 1823 இல இருந்து தோட்ட வேலைக்கு இந்தியாவுல இருந்து வந்தவங்க. எங்க லயம் நிக்கிற மண்ணுல ஒரு பேர்ச் நிலம் கூட எங்க பேர்ல இல்ல. இந்த மலையைப் பத்தின அறிவை ‘நம்ம அறிவு’ன்னு சொல்லலாமா?

கவ்வாத்துக்கத்தி:

அண்ணே, கடைசிக் கேள்விக்கு முதல்ல வாறேன். ஆபீஸ் கணக்குல எங்க மலைங்களுக்கு, அதாவது தேயிலை நிக்கிற ஒவ்வொரு பகுதிக்கும், நம்பர்தான். பிரட்டுல (காலையில வேலை பிரிக்கிற இடத்துல) "ஏழாம் நம்பர்"னு சொன்னா அம்மாவுக்குப் புரியும். ஆனா வீட்டுல வந்து நாவமரத்து மலை, வழுக்குப்பாறை, புள்ளத்தாச்சி மேடுன்னுதான் பேசும். நாவமரத்தை நான் பார்த்ததே இல்ல, வெட்டிட்டாங்க. பேர் நிக்குது. எந்தப் பாறை மழைக்கு வழுக்கும், எந்த ஏத்தத்துல வயித்துப் புள்ளைக்காரிக்கு மூச்சு வாங்கும்னு பேரே சொல்லிடும். காணி உறுதிப் பத்திரம் கையில வச்சிருக்கிறவங்களுக்கு அந்தப் பேர் ஒண்ணும் தெரியாது. அதனால கூச்சப்படாதீங்க.

போனை நீட்டி "பழைய வைத்தியம் சொல்லுங்க"ன்னு கேட்டா ஒண்ணும் வராது. எங்கம்மா "என்னத்தச் சொல்ல"ன்னு எழும்பிப் போயிடுச்சு. மிளாறு (கவ்வாத்து வெட்டின குச்சி, விறகுக்கு) பொறுக்கக் கூடவே போனேன். ரெண்டு மணித்தியாலத்துல பதினோரு கீரை காட்டுச்சு. செடி கண்ணுல பட்டாத்தான் அதுக்கு நினைப்பு வருது.

ஆனா தேயிலைக்குள்ள பறிச்சதை அப்படியே சமைக்காதீங்க. கிளைபோசேற்றுங்கிற களைக்கொல்லியை 2015 இல தடை பண்ணி, 2018 இல தேயிலைக்கும் இறப்பருக்கும் திரும்ப அனுமதிச்சாங்க. புல்லுக்கு மருந்து அடிச்ச கானுல வல்லாரை அன்னைக்குப் பச்சையாத்தான் நிக்கும். அம்மா இப்போ வேரோட பிடுங்கி வந்து வீட்டுப் பக்கம் நட்டு, புதுசா விடுற இலையை மட்டும் கிள்ளுது.

ஊவா மழை:

நான் கொஸ்லந்தைப் பக்கம். மழையை அளக்க நேரான போத்தலை வெட்டி அடிமட்டம் (ஸ்கேல்) ஒட்டி வெளியில வச்சிருக்கேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ற கணக்கு, 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீற்றர் தாண்டினா விழிப்பா இருக்கணும், 150 தாண்டினா இடத்தை விட்டுப் போயிடணும். தாத்தா போத்தலைப் பார்க்க மாட்டாரு, பீலியைத்தான் பார்ப்பாரு. ராத்திரி மழைக்கு நாங்க ரெண்டையும் பார்க்கிறோம்.

பேத்தி எழுதுறேன் (அம்மாயி சொல்லச் சொல்ல):

தம்பி, எனக்கு எழுபத்தொண்ணு. இலைக்கஞ்சி வைக்க எனக்குப் பழக்குனது கீழ்க் கிராமத்துச் சிங்கள அம்மா. முள்முருங்கை இலை போட்டு ரொட்டி சுட அவங்களுக்கு நான் காட்டினேன். இது யாரோடதுன்னு நாங்க கேட்டுக்கிட்டதில்ல. மண்ணு நம்ம பேர்ல இல்லங்கிறது எனக்கும் வயித்தெரிச்சல்தான், அதை விடாமக் கேட்கணும். ஆனா அதுக்காக செடி பேரை மறக்கலாமா? உங்க அப்பாயிகூட நெரை பிடிச்ச, பக்கத்து வரிசையில கொழுந்து பறிச்ச பொம்பளைங்க யாராச்சும் லயத்துல இருப்பாங்க. போய்ப் பாரு. வெறுங்கையோட போகாத, வெத்தலை வாங்கிட்டுப் போ.

பீலிக்கரைப் பேரன்:

இருக்காங்க அம்மாயி. லயத்துல கடைசிக் காம்பராவுல (அறையில). முப்பது வருசம் அப்பாயிக்கு அடுத்த நெரை. கருமாதியில கும்பிட்டுட்டு வந்துட்டேன், உட்கார்ந்து பேசல.

கவ்வாத்துக்கத்தி தம்பி, எங்க மலைக்கும் நீங்க சொன்ன மாதிரிப் பேர் இருந்துச்சு. யோசிச்சுப் பார்த்தா ரெண்டுதான் ஞாபகம் வருது: கூனிப்பாறை, ஆத்தோரத்து மலை. மகளோட கொப்பியில எழுதிட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பதுளை பஸ்ஸுல ரெண்டு பேரும் போறோம். மிச்சப் பேரை அந்த அம்மாகிட்ட கேட்கணும். நடக்க முடிஞ்சா மலைக்கே கூட்டிட்டுப் போறேன்.