கேமிங் பிசி, மானிட்டர் வாங்கியவர்கள் பட்டதைச் சொல்லுங்கள் (டெல்டா பக்கத்து ஆட்கள்)

பாபநாசம் வாத்தியார்:

பையன் தஞ்சாவூரில் கல்லூரி சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிப்பா" என்று ஆரம்பித்தவன், ஒரே வாரத்தில் கேமிங் பிசியில் வந்து நிற்கிறான். குறுவை நெல் போட்ட பணத்தில் எழுபதாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று வீட்டில் சட்டம் போட்டாயிற்று.

இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் லைட் எரியும் கேபினெட், 24 இன்ச் மானிட்டர் எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டாயிரம் என்றார்கள். அடுத்த கடையில் ஐ5, மானிட்டர் இல்லாமலே ஐம்பத்தெட்டாயிரம். ஏழு மலிவு, ஐந்து விலை அதிகம். நான் கணக்கு வாத்தியார், எனக்கே இந்தக் கணக்கு பிடிபடவில்லை. விளம்பரத்தில் இருப்பதை நானே படித்துக்கொள்கிறேன். வாங்கிப் பட்டவர்கள் சொன்னால் நல்லது.

மன்னை மைந்தன்:

சார், அந்த முப்பத்திரண்டாயிரம் ரூபாய் ஐ7-ஐ வாங்கிய புண்ணியவான் நான்தான். கடை வேறு, ஊர் வேறு, பெட்டி அதே பெட்டி.

அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணம். வீட்டுக்குக் கொண்டுவந்து வேலோரண்ட் போட்டேன். "வேன் 9001" என்று ஒரு பிழை வந்து நின்றது. விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0 (பாதுகாப்புக்கான சிப் வசதி), செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் கிளம்பும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) இரண்டையும் கேட்கும். என் பெட்டி டிபிஎம்முக்கு எங்கே போகும்? உள்ளே இருந்தது ஐ7-3770. 2012-இல் வந்த சிப். விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளும் பட்டியலிலேயே அது கிடையாது. கடைக்காரர் எப்படியோ குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். பழைய விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாம் என்றால், அதற்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது.

ஐ7 என்பது "புல்லட்" என்று சொல்வது மாதிரி. எந்த வருஷத்து வண்டி என்று ஆர்சி புக்கைப் பார்க்க வேண்டாமா? கோட்டுக்குப் பின்னால் வரும் எண்தான் ஆர்சி புக். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022-இல் வந்த ஐ3-12100-க்கும் அதே நாலு கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் மூளை), எட்டு த்ரெட்தான் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). ஆனாலும் என் ஐ7-ஐ அது ஊதித் தள்ளிவிடும்.

அந்த "4 ஜிபி கார்டு" கதை இன்னும் மோசம். ஜிடி 730, 2014 மாடல். 4 ஜிபி என்பது குடோன் எவ்வளவு பெரிது என்பதுதான். மில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மூட்டை அரைக்கும் என்பது வேறு விஷயம். என் மில் கால் மூட்டைகூட அரைக்கவில்லை.

கடையில் காசை எடுப்பதற்கு முன்னால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிப் பெயர், கார்டு பெயர் எல்லாம் முழுசாக வந்துவிடும். கேபினெட் மேல் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

குடந்தைக்காரி:

நான் கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவள். விளையாட்டு என் தம்பி பாடு. மானிட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில் இரண்டு தடவை சூடு பட்டிருக்கிறேன்.

முதல் சூடு, பெரிதாக இருக்கட்டும் என்று 27 இன்ச் எடுத்தது. ரெசல்யூஷன் 1080பி. வீட்டில் வைத்து உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் கோலப்புள்ளி மாதிரி தெரிகிறது. அதே 1920-க்கு 1080 புள்ளியைத்தான் பெரிய பாயில் பரத்தியிருக்கிறார்கள். 24 இன்ச்சில் ஒரு அங்குலத்துக்கு 92 புள்ளி வரும், 27-இல் 82-தான். 27 இன்ச் வேண்டுமென்றால் 1440பி எடுக்க வேண்டும், அப்போது 109 புள்ளி. காசு அவ்வளவு இல்லையா, 24-இல் 1080பி போதும். தொலைவில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களுக்கு இது பெரிய குறை இல்லை. இரண்டடி தள்ளி உட்காருகிறவர்களுக்குத்தான் உறுத்தும்.

இரண்டாவது சூடு ஒரு திருபுவனம் பட்டுப்புடவையால் வந்தது. முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். என் திரையில் அரக்காகத்தான் தெரிந்தது. பிரிண்ட் வந்தபோது கத்தரிப்பூ பக்கம் போயிருந்தது. பெண்ணின் அத்தை ஆல்பத்தையும் புடவையையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பதில் சொல்ல வாய் வரவில்லை. முப்பத்தாறு பக்கத்தையும் என் செலவில் திரும்ப அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் பேனல், அதாவது படம் காட்டும் திரைத் தகடு, என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன். மலிவு டிஎன் பேனலில் தலையைச் சாய்த்தால் நிறம் மாறும். விஏ-யில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், இருட்டில் படம் பார்க்க அருமை. ஆனால் இருட்டுக் காட்சி வேகமாக நகரும்போது பின்னால் மை இழுபட்ட மாதிரி கறை ஓடும் என்று தம்பி திட்டுவான். ஐபிஎஸ்-இல் கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், நிறம் எந்தக் கோணத்திலும் நிற்கும். நிற வேலை செய்கிறவர்கள் ஐபிஎஸ் என்ற எழுத்தோடு விட்டுவிடாமல், எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற அளவுகோல்) எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். ஐபிஎஸ்-இலும் வெளிறிப்போன மலிவு ரகம் உண்டு.

தம்பி கதை ஒன்று பாக்கி. 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வேண்டும் என்று சாப்பிடாமல் அடம்பிடித்து வாங்கினான். எட்டு மாதம் அதை 60-இலேயே ஓட்டியிருக்கிறான். வாங்கிய அன்றைக்கு விண்டோஸ் செட்டிங்கில் 144-ஐத் தேர்ந்தெடுக்கவில்லை, 60 என்று இருந்ததை அப்படியே விட்டுவிட்டான். அதைவிடக் கொடுமை, எச்டிஎம்ஐ ஒயரை மதர்போர்டில் செருகியிருந்தான். பின்பக்கம் மேலே இருக்கும் ஓட்டை மதர்போர்டுடையது, கீழே படுக்கை வரிசையில் இருப்பது கார்டுடையது. கார்டு பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க, பிராசசரே படம் காட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு அப்பவே வித்தியாசம் தெரிஞ்சுது அக்கா" என்று வேறு சொன்னான்.

வலங்கைமான் வாசி:

இப்போதுதான் போய்ப் பின்னால் பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்றும் கேட்காதீர்கள். ஒயரை மாற்றிவிட்டேன்.

நாகை உப்புக்காத்து:

வாத்தியார் சார், நம் பக்கம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி மானிட்டரா பெட்டியா என்பதில்லை. வீட்டில் எர்த் இருக்கிறதா?

என் வீடு தாத்தா கட்டியது. மூணு பின் சாக்கெட் இருக்கிறது, மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே கிடையாது. புது பிசியை மாட்டி, வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டைத் தொட்டேன். சுரீர் என்று எறும்பு கடித்தது. டெஸ்டரை வைத்தால் எரிகிறது. கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் பெட்டியைக் கடையில் மாட்டிக் காட்டினார், டெஸ்டர் எரியவில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் பில்டர் கொஞ்சம் கரண்டைக் கேபினெட் தகட்டுக்கு விடும், அது எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். மண்ணுக்கு வழியில்லை என்றால் நம் உடம்பு வழியாகப் போகும். எலக்ட்ரீஷியனை அழைத்துக் கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். அன்றோடு எறும்பு போனது.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருப்பதை 600 வாட் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். நடுத்தர கேமிங் பெட்டி விளையாடும்போது 250 முதல் 300 வரை இழுக்கும், மானிட்டர் ஒரு 25, 30. கரண்ட் போனதும் விளையாட்டை சேமித்து அணைக்க ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும். அப்புறம், மலிவு யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் அலை, லைன் கரண்டில் வருவது மாதிரி வளைந்து வளைந்து வரும் சுத்தமான சைன் அலை இல்லை. சில நல்ல பவர் சப்ளைகளே அதைக் கண்டதும் படுத்துவிடும். என்னுடையது படுத்தது. கடையில் முடிந்தால் இரண்டையும் சேர்த்து மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

கடலோர ஆட்களுக்கு ஒன்று. கஜா புயல் வந்தபோது, 2018 நவம்பர், வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் என் பழைய பெட்டி மூடியே கிடந்தது. திறந்தபோது ஸ்குரூவெல்லாம் துரு, ரேம் காலில் பச்சை. உப்புக்காற்றில் தினமும் ஓடும் மெஷினைவிடச் சும்மா கிடக்கும் மெஷின்தான் சீக்கிரம் கெடுகிறது. சூடு இருந்தால் ஈரம் தங்காது.

நீடாமங்கலம் வேலு:

எர்த் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். நான் தூசியும் பூச்சியும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே நெல் கொள்முதல் நிலையம். தூற்றுகிற நாளில் சுணை பறந்து வந்து எல்லாவற்றிலும் உட்காரும். நான் வாங்கிய கேபினெட் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, பார்க்க ஜோர். காற்று போக ஓரத்தில் ஒரு விரல் சந்து. இரண்டு மாதத்தில் அந்தச் சந்தில் சுணை அடைத்துக்கொண்டு, கார்டு 84 டிகிரி காட்டியது. கண்ணாடியைக் கழற்றி வைத்தேன், 71-க்கு இறங்கியது. இப்போது வலைமுகம் வைத்த கேபினெட், கழற்றிக் கழுவுகிற பில்டர். வெள்ளிக்கிழமை வீடு கூட்டும்போது அதையும் தட்டிவிடுகிறேன்.

பூச்சி கதை மானிட்டருடையது. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வளரும் நேரம், ராத்திரி விளக்கைப் போட்டால் பச்சைத் தத்துப்பூச்சி படை படையாக வரும், உங்களுக்கே தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாடினேன். அப்போது அறையில் எரிகிற ஒரே விளக்கு மானிட்டர்தானே, எல்லாம் அங்கே வந்தது. எள்ளளவு பூச்சி ஒன்று பின்பக்கக் காற்றுச் சந்து வழியாகப் புகுந்து, திரைக்கும் உள்விளக்குக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தது. கண்ணெதிரே நடக்கிறது, துடைத்தால் போகவில்லை. எரிச்சலில் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். அங்கேயே செத்தது. இன்றைக்கும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வலது ஓரத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பூச்சிக்கு வாரன்டி இல்லை என்றார்கள்.

உள்ளே பூச்சி தெரிந்தால் தயவுசெய்து அழுத்தாதீர்கள். மானிட்டரை அணைத்துவிட்டு வாசலில் ஒரு விளக்கைப் போடுங்கள். வந்த வழியே போய்விடும், பாதி நாள் போய்விடுகிறது.

திருவாரூர் சர்வீஸ்:

பத்து வருஷமாகப் பெட்டி மாட்டிக் கொடுக்கிற தொழில். எங்கள் ஆட்களை எல்லோரும் திட்டிவிட்டீர்கள், பாதி நியாயம்தான்.

போன மாதம் ஒரு மாமா துபாயிலிருந்து 32 இன்ச் 4கே மானிட்டர் கொண்டுவந்தார். பையனிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 4 ஜிபி. "படம் நகரமாட்டேங்குது, மானிட்டர் பழுதா பாரு" என்றார். பழுது இல்லை. 4கே என்பது 1080பி-யைப் போல நாலு மடங்கு புள்ளி. அதே மாடு நாலு வண்டியை இழுக்க வேண்டும். மானிட்டருக்குத் தகுந்த கார்டு, கார்டுக்குத் தகுந்த மானிட்டர். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் 8 ஜிபி, 1080பி-க்குக் கச்சிதம். முன்னது 132 வாட், பின்னது 115. 1440பி மானிட்டரில் இவற்றையே போட்டு, விளையாட்டில் அமைப்பைக் கொஞ்சம் இறக்கி ஓட்டலாம். 4கே பக்கம் போக வேண்டாம்.

எதிர்பாராமல் அடித்தது ரேம் விலை, 2025 கடைசியில் எகிறிவிட்டது. அதனால் இப்போது 8 ஜிபி ஒற்றை ரேம் போட்டு பட்ஜெட்டை அடக்குகிறார்கள். அதைச் செய்யாதீர்கள், கேபினெட்டில் லைட்டைக் குறையுங்கள். "பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்" என்பவரிடம் வாங்காதீர்கள். மூன்று வருஷ வாரன்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா என்று தினமும் ஒருவர் கேட்கிறார். 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் கணக்கு வேலைக்கு கிராபிக்ஸ் கார்டுகளை நம்புவதை நிறுத்தியதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஃபேனைச் சுற்றிப் பாருங்கள், கரகரத்தால் விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டாமல் காசு கொடுக்காதீர்கள்.

பாபநாசம் வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. பெட்டி வந்துவிட்டது. ரைசன் 5 5600 பிராசசர், ஆர்எக்ஸ் 6600 கார்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, முன்பக்கம் வலை வைத்த கேபினெட், 24 இன்ச் ஐபிஎஸ் 144 ஹெர்ட்ஸ். பில்லோடு 71,400. யுபிஎஸ்சும் எர்த் குழியும் தனி. சட்டம் போட்டவனே சட்டத்தை மீறிவிட்டான் என்று வீட்டில் இரண்டு நாளாக அதே பேச்சு. மின்சாரத்துக்கு மட்டும் நானே கணக்குப் போட்டேன்: 300 வாட், தினம் நாலு மணி நேரம், 60 நாள். 72 யூனிட். இலவசமாக வரும் நூறில் முக்கால் பங்கு பையனுக்கே போகிறது.

ஒயரை நானே செருகினேன், கீழ் வரிசையில். பையன் 144 வைத்துவிட்டு மவுஸ் அம்பை இங்குமங்கும் இழுத்து "பாருங்கப்பா" என்றான். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றேன். 60-க்கு இறக்கி மறுபடி இழுத்தான். தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை.