க்ரிம்ஸ்பி அவே மேட்ச் கமெண்ட்ரி கேக்க வழி சொல்லுங்க
மக்களே, இங்க லீக் டூ (இங்கிலாந்து ஃபுட்பால்ல நாலாவது டிவிஷன்) ஃபாலோ பண்றவங்க யாராச்சும் இருக்கீங்களா? நம்ம டீம் க்ரிம்ஸ்பி டவுன், அதான் 2025ல லீக் கப்ல மேன் யுனைடெட்ட பெனால்டில 12-11னு வீட்டுக்கு அனுப்புனாங்களே அவங்கதான். சனிக்கிழமை அவே மேட்ச், எனக்கு லெஸ்டர்ல ஷிஃப்ட், மத்தியானம் 2:45ல இருந்து 5:15 வரைக்கும் டிவில லைவ் காட்டக்கூடாதுன்னு அந்தக் காலத்து ரூல் வேற இருக்கு, அதனால கமெண்ட்ரிய விட்டா வேற கதி இல்ல. க்ரிம்ஸ்பி பக்கத்து லோக்கல் ஸ்டேஷன் ரேடியோ ஹம்பர்சைடு 95.9 எஃப்எம் இவ்ளோ தூரம் எட்டாது. ஆன்லைன்ல கமெண்ட்ரி கேக்க கிளப் விக்கிற ஆடியோ பாஸ் யாராச்சும் வாங்கிருக்கீங்களா, எவ்ளோ லேட்டா வருது? ஸ்கோர் ஆப் முன்னாடியே கோல்னு கத்திடுச்சுன்னா அப்புறம் கேட்டு என்ன புண்ணியம். போன்ல ஸ்க்ரீன ஆஃப் பண்ணாலும் ஓடுமா? வெள்ளிக்குள்ள சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.