ஆம்பாய் (கலிபோர்னியா மொஹாவே பாலைவனம், பழைய ரூட் 66 நெடுஞ்சாலை) போனவங்க அனுபவம் சொல்லுங்க

செந்தில்_ஆனஹைம்:
போயிட்டு வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. ராய்ஸ் போர்டுக்குக் கீழ நின்னு எல்லாரும் போட்டோ எடுத்திருப்பீங்க, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது அந்த ஸ்கூல். 1999ல மூடினது. ரெண்டாவது படிக்கிற என் பொண்ணு கம்பி வேலியில முகத்தை வச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, "டீச்சர் எங்கப்பா போனாங்க?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரல.

ராய்ஸ்ங்கிறது ராய் க்ரௌல் 1938ல போட்ட பெட்ரோல் பங்க். மருமகன் பஸ்டர் பர்ரிஸ் அதை ஒரு ஊராவே ஆக்கினார். பார்ஸ்டோல இருந்து எழுபது மைலுக்கு மேல, பழைய ஸ்டூடிபேக்கர் வண்டியை வச்சே கம்பம் நட்டு கரண்டு கொண்டு வந்தாராம். 1973ல வடக்கே ஐ-40ங்கிற புது நெடுஞ்சாலை திறந்ததும் ஒரே நாள்ல வண்டி வரத்து நின்னுபோச்சு. ரூட் 66 பெத்த ஊரு, ஐ-40 கொன்ன ஊரு.

வரலாற்று_மாணவன்:
செந்தில், கடைசி வரியை ஏற்க முடியாது. ரூட் 66 வந்தது 1926இல். ஆம்பாய் 1883இலேயே ரயில் நிலையமாகிவிட்டது. பாதை போட்ட பொறியாளர் லூயிஸ் கிங்மன் பாலைவன நிலையங்களுக்கு அகரவரிசையில் பெயர் வைத்தார்: ஏ-வுக்கு ஆம்பாய், பி-க்கு பிரிஸ்டல், சி-க்கு காடிஸ், டி-க்கு டான்பி. பெற்றது ரயில், வளர்த்தது ரோடு.

இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் ஓர் இரவு. ராய்ஸ் எதிரே காரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே தரையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறியது. சரக்கு ரயில். நூறு பெட்டி வரை எண்ணினேன், பிறகு கணக்கு விட்டுப்போயிற்று. பெயர் வைத்த ஊரில் நிற்காமலே போகிறது.

வதனி:
நான் 2013ல போனனான். ரோட்டுக்கரையில வெள்ளம் வராமல் மண் அணை கட்டியிருக்கினம் எல்லோ, அதில போற வாற சனம் கல்லடுக்கிப் பேர் எழுதி வைச்சிருக்கும். அம்மா செத்து ஆறு மாதம் அப்ப. வெயிலுக்குள்ள இறங்கி, கல் பொறுக்கி "அம்மா" எண்டு எழுதினன். "ம்"முக்குப் புள்ளி வைக்க ஒரு சின்ன உருண்டைக் கல் தேவைப்பட்டுது. எல்லாம் கூர்க் கல்லு. அந்த ஒரு கல்லுக்காக அரை மணித்தியாலம் தேடினன். இவர் காருக்குள்ள இருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ரவி_எல்ஏ:
எங்களுக்கு ஆம்பாய்க்குக் கிழக்கே சேம்ப்ளஸ்ங்கிற இடத்துக்குப் பக்கத்துல டயர் வெடிச்சுது. வாடகைக் கம்பெனி கொடுத்த வண்டியில ஸ்டெப்னியே இல்ல. உப்பு ஏத்திட்டு வந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, தான் குடிக்க வச்சிருந்த தண்ணியை முதல்ல என் பையனுக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் என் கதை.

ஆனா போறவங்க தயவுசெஞ்சு கேளுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கான்னு பாருங்க. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணி தனியா எடுத்து வைங்க. அங்க நிலத்தடி நீர் உப்பு, குடிக்க ஆகாது, அந்தக் காலத்துல ரயில்லதான் தண்ணி வந்தது. லட்லோலயோ ட்வென்டிநைன் பாம்ஸ்லயோ டேங்கை நிரப்பிடுங்க. போன்ல சிக்னல் இருக்காது, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க. மழை வெள்ளத்துல மரப்பாலங்கள் அடிபட்டு ரோட்டை மூடியிருப்பாங்க, மேப் காட்டுதேன்னு தடுப்பைச் சுத்திப் போகாதீங்க. ஊருக்குப் பக்கத்துல இருக்கிற எரிமலைக் குன்று பார்க்க 250 அடிதான், ஆனா நடை தூரம், ஒதுங்க நிழல் கிடையாது, கோடையில ஏறவே ஏறாதீங்க. வதனி அக்கா, தப்பா நினைக்காதீங்க, குன்றுல இருந்து யாரும் கல் எடுத்துடக் கூடாது. அது அரசு பாதுகாக்கிற இடம்.

வதனி:
தம்பி, நான் எடுத்தது ரோட்டோரக் கல்லு. குன்றடிக்கே போகேல்லை.

மீனா_ரிவர்சைட்:
"கொன்ன ஊரு"ன்னு சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல. 2005ல ஆல்பர்ட் ஒகுரா, ஹுவான் போயோ சிக்கன் கடைக்காரர், ஊரையே 4,25,000 டாலருக்கு வாங்கினார். 2008ல பங்க் மறுபடி திறந்துச்சு. 1959ல நட்ட அந்த ராய்ஸ் போர்டு பல வருஷம் இருண்டு கிடந்துட்டு, 2019 நவம்பர்ல எரிஞ்சுது. அடுத்த வாரமே போனேன். பக்கத்துல ஒரு வயசான அம்மா, சின்ன வயசுல அப்பாகூட இங்க தங்கினாங்களாம். இருட்டினதும் நியான் பளிச்சுனு வந்துச்சு. அந்த அம்மா போட்டோ எடுக்கல. கைப்பையை என்கிட்ட கொடுத்துட்டு, ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. ஒகுரா 2023 ஜனவரியில இறந்துட்டார். அந்த விளக்கை மட்டும் பார்க்காம போயிருந்தார்னா எனக்குத் தாங்காது.

செந்தில்_ஆனஹைம்:
மீனா, சரிதான், வாபஸ் வாங்கிக்கிறேன். வதனி அக்கா, அந்த "அம்மா" ரோட்டுக்கு எந்தப் பக்கம்? டிசம்பர்ல மறுபடி போறோம், பொண்ணு தேடணும்னு சொல்றா.

வதனி:
ரயில் பாதைப் பக்கமில்லை, மற்றப் பக்கம். இவ்வளவு மழைக்குக் கலைஞ்சிருக்கும். புள்ளிக் கல்லு கிடைச்சால் திருப்பி வைச்சு விடச் சொல்லுங்கோ.